பிழையோடு ஒரு நகல்

மூன்று பெட்டிகளை மேசைமேல் வைத்தான் குபேந்திரன்.
ஃபீனிக்ஸில் அவன் கராஜ்,
பாதி கடை, பாதி வாஷிங் மெஷின்.
"உங்க பழைய கொமடோருக்கு
இதில் எது வேணும், சொல்லுங்க அக்கா."

முதலாவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மலிவு.
மெமரி கார்டை வாயில் கவ்விக்கொண்டு
டிஸ்க் டிரைவ்போல நடிக்கும்.
"நடிப்புதான். யாராவது
உள்ளே இறங்கி ஒரு கேள்வி கேட்டால் முழிக்கும்."
எங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு டாக்டர் இருந்தார்.

கார்டு முப்பத்திரண்டு ஜி.பி.
கணக்குப் போட்டேன்:
ஒரு லட்சத்து எண்பதாயிரம் டிஸ்க் கொள்ளும்.
என்னிடம் இருப்பவை பதினான்கு.
அதிலும் ஐந்தில் பூஞ்சை,
டர்பன் கடற்காற்று யாரை விட்டது?
எறும்பு வளர்க்க யானைக் கொட்டகை எதற்கு?

அடுத்தது கேசட் உருவம், வாலாக ஒரு வயர்,
வால்நுனி கைபேசியில்.
புரோகிராமைப் பாட்டுபோல அனுப்பலாம்.
இருபது நிமிடம் கீச்சிடும்.
நடுவில் யாராவது அழைத்தால் போச்சு,
கரண்ட் போனாலும் போச்சு.

மூன்றாவதன் விலை கேட்டு
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
ஐயாயிரத்து முந்நூறு ராண்ட், கஸ்டம்ஸ் தனி.
அது நடிப்பதில்லை, டிரைவாகவே ஆகிவிடும்.
அதே மந்தம். உள்ளே மோட்டார் கிடையாது,
ஆனாலும் மோட்டார் உறுமும்,
தலை போய் முட்டும் அந்தக் கடகடவும் கேட்கும்.
"சத்தம் இல்லாட்டி
சிலருக்கு நம்பிக்கை வர்றதில்லை அக்கா."

கைப்பையைத் திறந்தேன்.
இந்த ஒன்றுக்காகத்தான் வந்தேன்
என்று அவனிடம் சொல்லவில்லை.
உறையில் நீல மை:
தேகரன், ஆகஸ்ட் 86.

லேபில் பக்கத்து மைக்ராஸ்கோப் அவனுடையது.
"விளையாடிப் பாருங்க. கடைசி அறையில்
ஒண்ணு இருக்கு" என்று கொடுத்தான்.
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டில்
தம்பிகள் தூங்கியபின்
டிவி ஒலியைக் குறைத்துவிட்டு லோட் என்று தட்டினேன்.
சுழன்றது.
சுழன்றது.
சிவப்பு விளக்கு சிமிட்டியது.
கறுப்புத் திரை.

திங்கட்கிழமை கேட்டான்,
"கடைசி அறைக்குப் போனீங்களா?"
"போனேன். நல்லா இருந்தது."

ஏன் அப்படிச் சொன்னேன்?
எதையோ நான்தான் தவறாகத் தட்டினேன் என்று நினைத்தேன்.
அவன் முகம் கொஞ்சம் காத்திருந்தது,
பிறகு லென்ஸுக்குத் திரும்பிக்கொண்டது.
மார்ச்சில் லெனேஷியாவுக்கு மாற்றல்.
கல்யாணத்துக்குப் போனேன்,
பிரியாணி நன்றாக இருந்தது.
அது உண்மை.

குபேந்திரன் டிஸ்கைப் படித்தான், எண்கள் ஓடின.
"எல்லாம் சரியா இருக்கு. ஒரு பைட் கெடலை.
அதான் கோளாறு.
அசலில் ஒரு தடத்தில்
வேணும்னே பிழை வச்சிருப்பான்.
கேம் முதலில் அதைத்தான் தேடும்,
இருந்தால்தான் கதவு திறக்கும்.
நகல் எடுக்கிற புரோகிராம் நல்ல பிள்ளை,
பிழையைத் திருத்திட்டு எழுதிடும்."

அப்படியானால் அவன் விளையாடியது அசலில்.
எனக்கு வந்தது குறையில்லாத நகல்.
முப்பத்தேழு வருஷம்.
கறையே இல்லாத ஸ்லைடைக் கண்டால்
சந்தேகப்படு என்பதுதான்
நான் சம்பளம் வாங்கிய வேலை.

"பிழையோட எடுத்த கோப்பு கிடைக்குமா?"
"கிடைக்கும். ஆனா
இந்தச் சின்னப் பெட்டி அதைப் பார்த்து முழிக்கும்."
எத்தனை ஜி.பி., எவ்வளவு வேகம் என்றுதான்
எல்லோரும் கேட்பார்களாம்.
பிழை ஏறுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

அவன் மனைவி குனிந்து
மெஷினுக்குள் பள்ளிச் சட்டைகளைத் திணித்தாள்.

"மூணாவதுக்குத் தவணை உண்டா?"
"மூணு மாசம்."
"அந்தச் சத்தத்தை அணைக்கலாமா?"
"அணைக்கலாமே." கையை நீட்டினான்.
"வேண்டாம், இருக்கட்டும்."

அட்டவணைப்படி இன்று
எட்டு முதல் பத்தரை வரை எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.
பத்தரைக்குப் போனால் போதும்.