இடப்பக்கம் இரண்டு விரல்

ஒன்று இருந்தால் துப்பாக்கி.
இரண்டு இருந்தால்தான் சேகரிப்பு.
நானே வைத்துக்கொண்ட கணக்கு இது.
வெள்ளகோவில் எடைமேடையில்
பதினோரு வருஷமாய் லாரி நிறுப்பவள்
எதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பாள்.

முதலாவது போன தீபாவளி போனஸில் வந்தது.
காற்றுத் துப்பாக்கி.
ஈயக்குண்டு பட்டாணியில் பாதி.
ஞாயிறு மத்தியானம்
களத்துச் சுவரில் அட்டை ஒட்டிச் சுடுவேன்.
"ஆரைச் சுடப் போறீங்?" என்பாள்
கொப்பரை காயப்போடும் பாவாத்தாள்.
அட்டையைத்தான்.
"அட்டை என்னங் பண்ணுச்சு?"

கையில் ஒன்பதாயிரத்து நானூறு.
பல்லடம் தாண்டுவதற்குள் மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

கோயமுத்தூர் டவுன்ஹால் சந்தில்
பாத்திரக் கடையை ஒட்டி யூனுஸின் கடை.
கண்ணாடிக்குள் ஓர் இரட்டைக் குழல்,
ஏதோ பண்ணையத்து வீட்டில் பாகம் பிரித்தபோது
யாருக்கும் வேண்டாமல் வந்ததாம்.
அதற்கு லைசென்ஸ் வேண்டும்.
எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனில் விட்டு
ரசீது வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.
நான் ரசீது கொடுத்தே பழகியவள்.
பார்த்தேன், அவ்வளவுதான்.
பார்ப்பதற்கு ஜி.எஸ்.டி. இல்லை.

என் தொகையைச் சொன்னதும்
யூனுஸ் முகம் சுளிக்கவில்லை.
மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.
கடைக்குப் பின்னால் நீளமாய் ஓர் இடைகழி,
கடைசியில் பழந்துணி திணித்த பெட்டி.
ஆளுக்கு ஐந்து குண்டு.

புதுசு, கறுப்பு, தொலைநோக்கி வைத்தது:
பருந்து நிழல் கண்ட கோழிக்குஞ்சுகளாய்
ஐந்தும் ஐந்து திசை.

நூக்கமரப் பிடி போட்டது, கை மாறியது:
இரண்டு நட்ட நடுவில்.
யூனுஸ் அந்த இரண்டைக் காட்டினார்.
நான் மற்ற மூன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதின் பிடியில்
ஆணியால் கீறிய ர.செ. என்ற எழுத்து,
விரிசலில் கரண்டுக்காரர் ஒட்டும் டேப்.
ஒன்றுகூட நடுவில் விழவில்லை.
ஐந்தும் இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளி,
ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்போல்
ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"இது வேண்டாங்க, குறி கோணல்" என்றார்.

எங்கள் மேடை மழை பெய்தால்
இருபது கிலோ கூடக் காட்டும்.
எப்போதும் இருபதுதான்.
கொப்பரை வியாபாரி சென்னிமலை
நான் சொல்லும் முன்னே கழித்துக்கொள்வார்,
சண்டை வந்ததே இல்லை.
முத்தூர் ரோட்டு மேடை அப்படியல்ல,
இன்று பத்துக் குறையும், நாளை நாற்பது ஏறும்;
அதிகாரி வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்.
தினமும் ஒரே தப்பைச் செய்கிறவரோடு
குடும்பம் நடத்தலாம்.
நடத்துகிறேன்.

"இதையே குடுத்துருங்."

ஆறாயிரத்து இருநூறில் முந்நூறு குறைத்து
ஒரு டப்பா குண்டும் சேர்த்துக் கேட்டேன்.
ஆதார் நகலில் கையெழுத்துப் போட்டேன்.
பஸ்ஸில் கண்டக்டர் பொட்டலத்தைத் தட்டி
"கர்ட்டன் கம்பியுங்களா?" என்றார்.
ஆமாங் என்று லக்கேஜுக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன்.

ஞாயிறு. அதே சுவர். புது அட்டை.
குறியைத் திருத்த யூனுஸ் கொடுத்த
சின்னத் திருப்புளி பர்சிலேயே இருந்தது.
இரண்டு விரல் வலப்பக்கம் பார்த்து அழுத்தினேன்.
நடு.
மறுபடியும் நடு.

அப்புறம் பழையதை எடுத்தேன்.
அதே கை, அதே மூச்சு, அதே தூரம்.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
ஒன்று அட்டையிலேயே இல்லை.

ஒரு வருஷமாய் என் கையைத் திட்டியிருக்கிறேன்.
கண் டாக்டருக்கு நானூறு அழுதிருக்கிறேன்.
ஒன்றே ஒன்று இருந்தவரை
யார் பொய் சொல்கிறார்கள் என்று
யாரிடம் போய்க் கேட்பது?

"எனக்கொரு குண்டு குடுங்" என்று
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள் பாவாத்தாள்.
எந்தத் துப்பாக்கி என்று கேட்டேன்.
டேப் ஒட்டியதைத் தொட்டாள்.
இரண்டு விரல் வலக்கைப் பக்கம் என்றேன்.
அவளுக்கு எது வலக்கையோ,
சுவரோரம் குவித்த கொப்பரையில் ஒன்று
துள்ளி உருண்டது.

"கணக்குல எழுதிக்கங்" என்றாள்.