இரண்டாவது எண்

ஃபேர்லேண்ட்ஸில் ரோபோ வகுப்பு,
குளிர்சாதன அறை, பதினொரு மணிக்கு பிஸ்கட்.
ஸ்வர்ணபுரியில் அபாகஸ்.
இரண்டு நோட்டீஸையும் ராக்கெட் விட்டுவிட்டு
ஏற்காடுதான் என்றாள் இனியாழ்.
ஐந்து நாள். கூடாரம்.
போன வருஷம் மூன்றாவது கொண்டை ஊசியிலேயே
என் மடியில் கக்கியவள்.

சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

விசில், டார்ச், ஸ்வெட்டர்.
மே மாதத்துச் சேலத்தில் ஸ்வெட்டர் கேட்டவளை
கடைவீதியே ஏற இறங்கப் பார்த்தது.
உள்ளாடை வரைக்கும் பெயர் எழுதச் சொன்னார்கள்;
மை ஊறி
'ழ'வுக்கு மட்டும் வால் நீண்டது.

பட்டியலில் இல்லாத ரப்பர் விரிப்பை
ஸ்வெட்டருக்குள் மடித்து வைத்தேன்.
பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

நீச்சல் தெரியுமா? தெரியாது.
ஒவ்வாமை? கத்தரிக்காய்,
அவள் சொல்லி நான் எழுதியது.
அவசரத்துக்கு இரண்டு எண்கள்.
முதலாவது என்னுடையது.
அடுத்த கோட்டில் பேனா நின்றபோது
ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டே
தலை நிமிராமல்
பத்து இலக்கமும் ஒப்பித்தாள்,
போனிலிருந்து நான் அழித்துவிட்ட எண்ணை.

எழுதினேன்.
கடைசி எட்டு கொஞ்சம் கோணல்.

காலை ஆறரைக்கு அஸ்தம்பட்டியில் வேன்.
முகர்ந்துகொள்ளக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை
பக்கத்து சீட்டுப் பையனிடம் காட்டியதில்
கையசைக்க மறந்துபோனாள்.

ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்தேன்.
ரிமோட்டின் செல்கள்
டார்ச்சோடு மலையேறிவிட்டன.
அவள் வைத்துவிட்டுப் போன சேனலில்
யாரோ எதையோ தாளித்து முடிக்க,
வானிலை.
சேர்வராயன் மலைப் பகுதிகளில்
இடியுடன் கூடிய

எழுந்து போய்
சத்தத்தைக் கூட்டினேன்.