இதர

தாண்டிக்குடி வளைவில் அந்த ராத்திரி
காற்று மற்றதையெல்லாம் விட்டுவிட்டு
குழந்தைவேலின் பந்தலில் ஏறிப் படுத்தது.
ஒன்றரை ஏக்கர்.
கல்தூண்கூட நிற்கவில்லை.

அளக்கப் போனேன், தலையாரி,
கையில் நாடா, பையில் படிவம்.
எவ்வளவு கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை.
சௌசௌ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றார்.

நெல் இருந்தது. பருத்தி, உளுந்து, நிலக்கடலை.
வாழைக்கு ஒரு வரி.
காப்பீட்டுப் பட்டியலிலும் விரல் வைத்துத் தேடினேன்.
கடைசிக் கட்டம், 'இதர'.
அதில் எழுதினேன்,
கொம்பு வெளியே நீட்டிக்கொண்டது.

முப்பத்து மூன்று சதவீதம் தாண்டினால்தான் பணம்.
கொடியோ உயிரோடு இருக்கிறது,
கம்பிக்கடியில் பச்சையாக,
கீழே விழுந்த பிறகும் பூவிட்டுக்கொண்டு.
படுத்ததைச் செத்ததில் சேர்ப்பதா?
அதிகாரி சுற்றறிக்கையைப் புரட்டுவதற்குள்
அட்டை ஒன்று அவர் காலுறைக்குள் போய்விட்டது.
எண்பது என்று போட்டுக் கிளம்பினார்.
நூறு என்றால் மேலே நம்ப மாட்டார்களாம்.

பந்தலுக்குக் கட்டமே இல்லை.
கம்பி பயிர் இல்லையே.

மாசியில் குறுஞ்செய்தி வந்தது,
பதினோராயிரத்துச் சொச்சம்.
அடுத்த நிமிஷம் இன்னொன்று:
கம்பிக்கடன் தவணை, பிடித்தம்.

நேற்று ஒப்புகைச் சீட்டில் கையெழுத்து வாங்கப் போனேன்.
ஒட்டன்சத்திரத்தில் விலைபோகாமல் திரும்பிய மூட்டை
மூலையில் சாய்ந்திருந்தது.
மண் இல்லை, தண்ணீர் காட்டவில்லை,
காய்கள் தம் வயிற்றைத் தாமே பிளந்து
சாக்கின் இழைவழி முளை நீட்டியிருந்தன.

பேனாவைக் கேட்டார்.
கையெழுத்துப் போடுவதற்கு முன்
ஒரு முளையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
முளை ஒரு விரற்கடை கூடுதல்.