சப்பாத்து லேஸ்

இரவு பத்து இருபதுக்கு
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி வாசலில்
ஓட்டோவிலிருந்து தன் காலாலேயே இறங்கினான்.
ட்ரொலி வேண்டாம் என்றான் காவலாளி.
நடந்து வருகிறவனுக்கு என்ன அவசரம்
என்று நானும்தான் நினைத்தேன்.

கபிர்ஷன், வயது பதினைந்து, பெரியகல்லாறு.
காயம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
காய்ச்சல் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
"இனி எனக்கு ஏலாது" என்று
தாயிடம் அவன் சொன்னதை எழுத
ரிக்கெட்டில் கட்டம் இல்லை.
சுகிர்தா மிஸ்ஸி ஓரத்தில் எழுதினாள்,
சின்ன எழுத்தில், சிவப்பு மையில்.

பிள்ளைகள் வாட்டுக்கு வயது கூட.
ஆண்கள் வாட்டில் அன்றைக்கு
குடித்துவிட்டு மதகில் விழுந்த இருவர்
கத்திக்கொண்டு கிடந்தார்கள்.
மனநல வாட்டு மட்டக்களப்பில், விடிந்த பிறகுதான்.
இரண்டு கதவுக்கும் நடுவே
ஒக்சிசன் சிலிண்டருக்குப் பக்கத்தில்
ஒரு கட்டிலைத் தள்ளி வைத்தோம்.

டொக்டர் நௌஸாத் என்னைக் கூப்பிட்டார்.
"பேனாட், ஒரு நிமிசமும் தனிய விடக்கூடாது.
பெல்ட், லேஸ் எல்லாம் கழட்டுங்க.
கேள்வி ஒண்டும் வேணாம். பக்கத்தில இருங்க."

இருபத்திரண்டு வருசம்
ட்ரொலி தள்ளியிருக்கிறேன், இரத்தம் துடைத்திருக்கிறேன்.
இருக்கச் சொல்லி
ஒருவரும் எனக்கு வேலை தந்ததில்லை.

குந்தி அவன் சப்பாத்தைப் பிடித்தேன்.
வெள்ளை பூசிய பள்ளிக்கூடச் சப்பாத்து.
பள்ளி விட்டு எட்டு மணித்தியாலம்,
இன்னும் கழற்றவில்லை.
இரட்டை முடிச்சு.
சின்னப் பிள்ளைக்குக் கழற்றுவதுபோல் ஆகிவிடுமோ,
கைதிக்குக் கழற்றுவதுபோல் ஆகிவிடுமோ என்று
விரலுக்குள் தடுமாறினேன்.
காலை அவன் இழுக்கவில்லை.

தாய் காமென்ட்ஸ் சீருடையோடு வெளியே.
தோஹாவிலிருந்து தகப்பன்
நாலு வீதம் சார்ஜ் இருந்த போனுக்குள் அழுதார்.
"என்ன குறை வெச்சன் எண்டு கேளு அவனிட்ட. கேளு!"
அவள் கேட்கவில்லை.
போன் தானாக அணைந்தது.

பொலிஸ் போஸ்டிலிருந்து ஒருவர்
கொப்பியோடு வந்தார்.
மிஸ்ஸி குறுக்கே நின்றாள்.
"புள்ள நித்திர."
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு
அந்தப் பொய்யை அவன் கேட்டான்.
கடைவாயில் என்னவோ அசைந்தது.

பிறகு ஒன்றுமில்லை.
ஒரு மணி. இரண்டு மணி.
விபத்தொன்று வந்தது, போனது.
நெஞ்சுவலி ஒன்று வந்தது, தங்கியது.
எல்லோரும் ஓடினார்கள்.
ஓடாமல் இருக்கக்
கால் இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூன்று பத்துக்கு,
"அண்ணன், அந்த ஃபேன் ஏன் டக் டக் எண்டுது?"

ஒன்பது தரம் எழுதிக் குடுத்திட்டன் மனே,
ஒருத்தரும் வந்து பாக்கல்ல, என்றேன்.
"பதினொரு சுத்துக்கு ஒருக்கா" என்றான்.
எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு.
"இல்ல. முதலாவத ரெண்டு தரம் எண்ணுறீங்க."
திரும்ப எண்ணினோம், இருவரும்.
பதினொன்றுதான்.

அதற்குப் பிறகு சொன்னதெல்லாம்
டொக்டருக்குச் சொன்னது.
திரையை இழுத்துவிட்டு அப்பால் போனேன்.
வெகுநேரம் குரல் கேட்டது.
இரண்டு குரல்.
எதைப் பற்றி என்று காது கொடுக்கவில்லை.

ஆறரைக்கு அம்புலன்ஸ்.
தாய் முதலில் ஏறினாள்.
சளக், சளக் என்று அவன் நடந்து போனான்,
நாக்கு வெளியே தள்ளிய சப்பாத்தோடு.
திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேணும்?

குருக்கள்மடத்தில் வீட்டுக்கு வந்து
சேட்டைக் கழற்ற, பையிலிருந்து விழுந்தன
இரண்டு லேஸ்.
ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
"விட்டுப்போன சாமான் புத்தகத்தில எழுதுங்க" என்றார்கள்.

ஒன்றின் நுனி பிரிந்து
பஞ்சாகிக் கிடந்தது.
மாதா படத்தடியிலிருந்த மெழுகுதிரியைக் கொளுத்தி
நுனியைச் சுடரில் காட்டி
விரலால் உருட்டினேன்.
கோர்க்கும்போது ஓட்டைக்குள் நுழைய வேண்டுமே.
கூராக வந்தது,
கொஞ்சம் கறுத்து.