தானாக உருளும் இடம்

பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போன பின்னும்
தள்ளுவண்டியை விற்கவில்லை டெலித்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள்
ஒரு மண்வெட்டி, பிளாஸ்கில் தேநீர்,
நனையாத உறையில் பழைய நிலவரி வரைபடத்தின் நகல்.
பின்னால் நான்,
அளவுநாடாவும் ப்ரெக்கன் பக்கத்து மழையுமாக.

வாரம் முழுக்க அவள் பேருந்து ஓட்டுகிறாள்.
குளிர்காலச் சாலைக்கு உப்புத் தூவும் லாரி என்னுடையது.
இருவருக்கும் சரிவு தெரியும்.

அவள் முறை எளிது.
சுண்ணாம்புக்கல் குவாரியின் வாயில் நின்று
கைப்பிடியை விட்டுவிடுவாள்.
ஓடினால் அது வெறும் பள்ளம்.
நின்றால் வெறும் மேடு.
தூங்கும் பிள்ளையை எழுப்பாத வேகத்தில்
யோசித்து யோசித்து நகர்ந்தால்
அதுதான் டிராம் போன வழி.

"நூறடிக்கு ஓரடி இறக்கம்" என்பாள்.
"சுமை தானாக இறங்கணும்,
காலி வண்டியைக் குதிரை திரும்ப இழுக்கணும்.
ரெண்டு பேருக்கும் பேசித் தீர்த்த சரிவு இது."

முதல் கல் வேலிப்புதருக்குள்.
பாசியைச் சுரண்டினால் நடுவில் ஒரு துளை,
கட்டைவிரல் நுழையும்.
இரும்புத் தகட்டைப் பிடித்திருந்த ஆணியின் வீடு.
இப்போது மழைநீரும் ஒரு நத்தையும் குடியிருக்கின்றன.
இரண்டாவது, மூன்றடி தள்ளி.
மூன்றாவது இல்லை.
நான்காவது, கிட்டின்ஸ் வீட்டுப் பின்கட்டில்
சலவை இயந்திரம் ஆடாதபடி முட்டுக்கொடுத்திருக்கிறது.
"எடுத்துட்டுப் போங்க" என்றார் கிட்டின்ஸ்,
"துவைச்சு முடியட்டும்."
எடுக்கவில்லை.
தூரத்தைக் குறித்துக்கொண்டு
அவர் அடுக்களை வழியாகவே நடந்து
முன்வாசலில் வெளியே வந்தோம்.
தடம் அப்படித்தான் போகிறது.

ரயில் வந்தபோது தகடுகளைப் பெயர்த்து விற்றார்களாம்.
கல்லை விட்டுவிட்டார்கள்.
கல்லுக்கு யார் காசு கொடுப்பார்?

ஓடைக்கரையில் இரண்டு வரிசையும் முழுதாகக் கிடைத்தன.
நடுவில் மட்டும் கல்லே இல்லை.
யாரோ திருடிவிட்டார்கள் என்றேன்.
"குதிரை நடந்த இடம்" என்றாள் டெலித்.
அத்தனை ஞாயிறுகள் நடந்தும்
குதிரையை நான் நினைத்திருக்கவில்லை.

ஆவணக்காப்பகத்துக் கணக்கேட்டில்
டன்கள் இருக்கின்றன, பென்னிகள் இருக்கின்றன.
எடைக்காரர் ஹொவெல் ப்ரோத்தரோ
ஒரே ஒருநாள் ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
'குருட்டுப் பெண்குதிரை. ஓட்ஸ் பாதி.'
குருடு என்பதாலா,
அன்று வேலை பாதி என்பதாலா,
ஓட்ஸே பாதிதான் வந்ததா?
டெலித் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்,
பிள்ளைகளின் பல் மருத்துவர் சீட்டுக்குப் பக்கத்தில்.

கால்வாய்ப் பாலத்தின் மூலைக்கல்லில் ஒன்பது வெட்டுகள்.
எறும்பு ஊரவில்லை இங்கே.
படகிழுத்த கயிறு, ஈரத்தில் மணல் ஒட்டிய கயிறு,
அரம்போல் ஊர்ந்திருக்கிறது.
நான்கு விரலை நான்கு வெட்டில் வைத்தேன்.
மீதி ஐந்துக்குக் கை போதவில்லை.

பிறகு துறை.
துறை என்றால்
மளிகைக்கடைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம்.
படகு திரும்பும் குளத்தை மண்கொட்டி மூடியபோது
லாரி ஓட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.
டெலித்திடம் இதை நான் சொன்னதில்லை.

மழை விட்டிருந்தது.
தாரின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது.
சாதாரணக் குட்டையில்லை.
மூன்று பக்கம் நேர்க்கோடு,
நான்காவதில் படகு மூக்கைத் திருப்ப ஒரு வளைவு.
வரைபடத்தை விரித்தாள்,
குட்டையைப் பார்த்தாள், மறுபடி வரைபடத்தை.
"யாரோ சரியா நிரப்பலை" என்றாள்.
"ஒரு லோடு குறைஞ்சிருக்கும்" என்றேன்.

கைப்பிடியை அவள் விட்டது எப்போதென்று தெரியாது.
தள்ளுவண்டி வெள்ளை வேனைத் தாண்டி
மெல்ல, மிக மெல்ல உருண்டு
அச்சு நனையும் ஆழத்தில் போய் நின்றது.
கொஞ்ச நேரம் இருவரும் எடுக்கப் போகவில்லை.