ஐப்பசி, ஆறரை மணி

கார் அறுப்பு முடிந்த மறுநாளே
குடிபெயர்ந்து வந்துவிடுகின்றன.
பால்பிடித்த கதிரை உறிஞ்சிப் பழகியவை
வயலில் தாள் மட்டும் மிச்சமாக,
என் வீட்டு டியூப்லைட்டை
உறிஞ்சிப் பார்க்கின்றன.

கதிர்நாவாய்ப் பூச்சி என்று
வேளாண்மை ஆபீஸ் சுவரில் படம் போட்டிருக்கிறது.
முக்கூடலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
நாத்தப்பூச்சி. அவ்வளவுதான்.

அடிக்கக் கூடாது.
அடித்தால் பூச்சி சாகும், நாற்றம் சாகாது.
முதல் வருஷம் தெரியாமல் அடித்துவிட்டு
வாரியலையே ஓடையில் எறிந்துவிட்டு வந்தேன்.
அடைப்பதுதான் வழி.
கதவடியில் பழைய பாவாடையைச் சுருட்டி வைத்தேன்.
ஜன்னலுக்குக் கொசுவலை,
சட்டத்து விரிசலுக்கு எம்-சீல்.
ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே
அரிசிச் சாக்கைக் கிழித்துத் திணித்தேன்.
ஒயர் நுழையும் ஓட்டையை மறந்துவிட்டேன்.

சொளகில் ஊறிய இலை, தூள், கத்தரி.
ஆயிரத்துக்கு இன்னும் முந்நூறு குறைச்சல்.
வெளிச்சம் பார்க்க வந்தது தூளில் விழுந்து
அந்த நெடிக்குக் கிறங்கி அப்படியே கிடக்கிறது.
தூள் எது, பூச்சி எது என்று
விரல் குழம்பிய ஒரு நொடியில்
ஒன்றைச் சுருட்டிவிட்டேன்.
நூலும் சுற்றிவிட்டேன்.
தலை மடக்கும்போதுதான் உறைத்தது.
அதற்குள் கை அடுத்த இலைக்குப் போயிருந்தது.
எல்லாப் பீடியும் ஒன்றுபோல் இருந்தன.

கடையில் கொம்பையா
ஒரு கட்டை மோந்து பார்த்துத் தனியே வைத்தார்.
"ஏ பேச்சித்தாயி,
என்ன, பீடில மல்லித்தழை வாசம் அடிக்கி?"
கழித்த கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து
இருபத்தைந்தையும் பிரித்தேன்.
இருபத்தைந்திலும் வெறும் தூள்.

அன்றைக்குத்தான் தோன்றியது.
ஆறரைக்கு விளக்கை அணைத்தேன்.
இருட்டில் சுருட்டினேன்.
இருபது வருஷக் கைக்கு
வெளிச்சம் ஒரு பழக்கம்தானே தவிர
தேவையாக இருந்ததில்லை.
ஒரு மணிநேரத்தில் ஒரு பூச்சிகூட இல்லை.
எதிர்வீட்டு ஆயிசாவிடம் சொன்னேன்.
அவள் மூன்று வீட்டில் சொன்னாள்.
மறுநாள் மொத்தத் தெருவும் அணைந்திருந்தது,
சொளகுகள் உரசும் சத்தம் மட்டும்.

அணையாமல் இருந்தது
மெம்பர் தளவாய் வீட்டு ஃபோகஸ் லைட்.
கல்யாண மண்டபம் மாதிரி எரியும்.
ஊர்ப் பூச்சியெல்லாம் அங்கே படியேறியது.
முதல் நாள் சுவரில்.
இரண்டாம் நாள் சோபாவில்.
மூன்றாம் நாள் அவர் ரசத்தில் மிதந்ததாக
அவர் பெண்சாதியே
ரேஷன் வரிசையில் வந்து சொன்னாள்.
நான் உச்சுக் கொட்டினேன்.

தெருமுனைக்கு விளக்கு கேட்டு
மூன்று வருஷமாக மனு கொடுத்திருக்கிறேன்.
டியூஷன் விட்டு வரும் பெண்பிள்ளைகள்
முக்கில் திரும்பப் பயப்படுகின்றன என்று
எழுதியிருந்தேன், பச்சை மையில்.
நிதி இல்லை என்றார்கள்.
கம்பம் இல்லை என்றார்கள்.
ஐந்தாம் நாள் காலை கம்பம் வந்தது, ஏணி வந்தது,
மத்தியானத்துக்குள் விளக்கும் வந்தது.
பூச்சியை வீட்டிலிருந்து தள்ளி இழுக்க
அதுதான் வழியாம்.
தளவாயே நின்று மாட்டச் சொன்னார்.

இப்போது முனையில் ஒரு மஞ்சள் குடம்போல் வெளிச்சம்,
அதற்குள் ஆயிரம் பூச்சி.
பெண்பிள்ளைகள் நோட்டைத் தலையில் கவிழ்த்து
கத்திச் சிரித்துக்கொண்டே ஓடிவருகிறார்கள்.
முன்பும் ஓடித்தான் வருவார்கள்.
சத்தம் இருக்காது.

ஒயர் ஓட்டையில் இன்று சோப்பைத் தேய்த்து அடைத்தேன்.
நாட்காட்டிக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருக்கிறது,
கார்த்திகை வரை கிடக்கட்டும் சவம்.

எனக்கு அந்த ஒரு பீடிதான்.
எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலோ
மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஒருத்தன்
அதைப் பற்றவைத்திருப்பான்.
ஒரு இழுப்பு இழுத்திருப்பான்.
வாயிலிருந்து எடுத்து,
திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான்.