இரண்டு விருமாயி

உசிலம்பட்டியில்
விருமாயி என்று கூப்பிட்டால்
தெருவுக்கு மூன்று கதவு திறக்கும்.
நான்கு வருஷமாய் இந்த வார்டில் இருக்கிறேன்,
எனக்கு இது தெரியும்.

இரவு எட்டு மணி.
முப்பத்தாறு பேருக்கு நான் ஒருத்தி.
ஏழாம் படுக்கைக்கு மேலே
குழல்விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
இன்சுலின் பதினாறு யூனிட்.
"விருமாயி?" என்றேன்.
"ம்" என்றாள்.
கையை நீட்டச் சொன்னேன், நீட்டினாள்.
தர்ம ஆஸ்பத்திரியில்
எதுக்கு இது என்று யாரும் கேட்பதில்லை.

கடைசித் தேனி பஸ் ஹாரன் அடித்துப் போனபோது
நெற்றியெல்லாம் வேர்வை அவளுக்கு.
"புழுக்கமா இருக்கு சிஸ்டர்" என்று
எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருந்தான் மகன்.
விரல் நுனியில் குத்தினேன். நாற்பத்தொன்று.
கால்மாட்டில் தொங்கிய அட்டையை
அப்போதுதான் படித்தேன்:
மூட்டு வீக்கம்.
சர்க்கரை என்ற சொல்லே அதில் இல்லை.

குளுக்கோஸ் ஏறியது.
கண் விழித்தாள், ஆளைத் தெரிந்தது,
பதினொன்றரைக்கு உட்கார்ந்து பன் கேட்டாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு,
மயக்கம்னு எழுதிடுங்க" என்றார்
பயிற்சி டாக்டர், கொட்டாவிக்கு நடுவே.
நல்ல பையன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.
அடுத்து வரும் தலைக்கும்
தலைப்பாகை இருக்குமா என்று
அவரிடம் நான் கேட்கவில்லை.

டிபன் பாக்ஸ் திறக்கும் அறையில்
இந்த மாதிரிக் கதைகள் நிறைய உண்டு எங்களிடம்.
ஒரே மாதிரி இரண்டு மருந்துக் குப்பி,
ஒன்பதாகத் தெரிந்த நான்கு,
இடது காலுக்குப் போட வேண்டிய கட்டு.
பேய்க்கதை போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வோம்,
சாம்பார் ஆறுவதற்குள் முடித்துவிடுவோம்.

நிகழ்வு அறிக்கைப் படிவம்
அலமாரியின் அடித்தட்டில், பிரிக்காத கட்டாக.
"நீயாப் போய்க் கழுத்த நீட்டுறியாக்கும்" என்றாள் செல்லக்கிளி.
மெமோ வரலாம். இன்கிரிமென்ட் நிற்கலாம்.
காரணம் என்ற கட்டத்தில்
கவனக்குறைவு என்று எழுதினேன்.
கனகச்சிதமாக அடங்கியது,
அந்தக் கட்டத்துக்கே அளவெடுத்துத் தைத்தது போல.

அடித்தேன்.
தாளைத் திருப்பி வைத்து
விளக்கிலிருந்து தொடங்கினேன்:
எப்போதிலிருந்து சிமிட்டுகிறது,
யாரிடம் எத்தனை முறை சொன்னோம்.
கையில் பட்டை இல்லை.
அட்டையில் அப்பா பெயர் இல்லை, ஊர் இல்லை.
ஒரே பெயருள்ளவர்களை
ஒரே வரிசையில் படுக்க வைத்திருக்கிறோம்.
பெயரை நான் சொல்லி அவளை "ம்" போட வைத்தேன்,
அவளைச் சொல்ல விட்டிருக்க வேண்டும்.
கீழே கையெழுத்து: ஜெபக்கனி.

சூப்பிரண்டு அறை வாசலில் பச்சைப் பெட்டி.
போட்டேன்.
வெறும் தகரத்தில் விழுந்த சத்தம்.
இத்தனை வருஷமாய்
இங்கே யாருமே தவறு செய்ததில்லை போலிருக்கிறது.

விடிந்ததும் ஏழாம் படுக்கைக்குப் போனேன்.
ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள்
தொண்டைக்கு வரவில்லை.
"ஒங்களுக்கு மாத்திப் போட்டுட்டேன்மா.
வேற விருமாயிக்குப் போடவேண்டிய ஊசி."

மகன் எழுந்து நின்றான்.
அவன் என்ன சொல்லியிருப்பானோ,
அதற்குள் அவள் கேட்டாள்:
"அப்ப அவளுக்குப் போட்டியாத்தா?"

பதினொன்றாம் படுக்கை.
ஊசியில்லாத ராத்திரி என்று
நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.
குத்தினேன். முந்நூற்று எண்பது.

எழுதியதில் ஒரு வரிகூட இல்லை இவளைப் பற்றி.
ஒருத்திக்குப் போட்டதையே நினைத்துக்கொண்டு
விடிய விடிய
இன்னொருத்திக்குப் போடாததை மறந்திருக்கிறேன்.

டாக்டரைக் கூப்பிட்டு, அவளுக்கு வேண்டியதைச் செய்து,
கை கழுவி,
இரண்டாவது படிவம் எடுத்தேன்.
கண்டறிந்தவர் யார் என்று ஒரு கட்டம்.
விருமாயி, ஏழாம் படுக்கை என்று எழுதினேன்.
க/பெ பேயத்தேவன் என்பதையும் சேர்த்தேன்.

இந்த முறை பெட்டிக்குள்
தாள் மேல் தாள் விழுந்தது.
சத்தமே கேட்கவில்லை.